வேதியியல் வரலாறு படிக்க லண்டன், பாரிஸ்: இரண்டு வாரப் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஓர் உயர்கல்வி நிலையத்தில் வேதியியல் கற்பிக்கிறேன். வேதியியல் வளர்ந்த கதையை அது வளர்ந்த இடங்களிலேயே படிக்கலாம் என்று, லண்டனுக்கும் பாரிஸுக்குமாக இரண்டு வார விடுமுறைப் படிப்பு ஒன்றை வடிவமைத்து நடத்துகிறோம். மாணவர்களும் பெற்றோரும், இதுபோல ஒன்றைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களும் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். பெற்றோர் நேரே விசா, சாப்பாடு என்று கீழே போய்விடுவார்கள் என்று தெரியும். போங்கள், தப்பில்லை.

இது பாடமா, சுற்றுலாவா?

இரண்டும்தான். ஆனால் ஓர் இடத்தைத் திட்டத்தில் சேர்க்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: நேரில் போய் நின்றால்தான் விளங்கும் என்று அங்கே ஏதாவது இருக்கிறதா? லிட்டில் இந்தியாவின் தேக்கா காப்பிக்கடையில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே தெரிந்துகொள்ளக்கூடியது என்றால் அந்த இடம் வேண்டாம்.

இப்படிப் பார்த்ததில் பல பெரிய பெயர்கள் உதிர்ந்துவிட்டன. ஐஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் பிரெஞ்சு வேதியியலாளர் லாவாசியேவும் இருக்கிறார். சரி, அதற்காகப் பாடவேளையில் ஒரு பிற்பகலைக் கொடுக்க முடியாது. மாலையில் அவரவர் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் நியூட்டன் கல்லறையும் அப்படித்தான். அவர் பல ஆண்டுகள் ரசவாதத்தில் மூழ்கிக் கிடந்ததைப் பற்றி அந்தப் பளிங்கு ஒன்றும் பேசாது. அதே சமயம், லாவாசியே வாயுக்களை அளந்த கருவியின் உருவத்தை எந்தப் படமும் சரியாகக் காட்டுவதில்லை. அதன் பக்கத்தில் நின்றால்தான் ‘இதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்’ என்ற கேள்வி பிறக்கிறது. அந்தக் கேள்விதான் பாடம்.

பாயில், லாவாசியே, டால்டன், மெண்டலீவ் என்ற வரிசையில்தானே பாடம் போகும்?

இல்லை. அந்த வரிசையில் போனால் நம் மாணவருக்குக் கைதட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. எல்லாம் அங்கே நடந்தது, நாம் பார்க்கப் போனோம், அவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

ஆகவே ஆட்களை விட்டுவிட்டுப் பொருள்களைப் பிடித்தோம். நான்கு பொருள்கள்: குட்டா பெர்ச்சா என்ற மரப்பால், தென்னிந்திய உருக்கு, மலேரியா மருந்தான கொய்னா, நீலச் சாயம் தரும் அவுரி. குட்டா பெர்ச்சா சிங்கப்பூரிலிருந்து லண்டன் போனது. உருக்கும் அவுரியும் நம் முன்னோர் ஊர்ப்பக்கத்துச் சரக்கு. கொய்னா மட்டும் தென்னமெரிக்காவில் பிறந்து, பின்னர் நீலகிரிக்கும் ஜாவாவுக்கும் குடியேறிய மரம். இந்த நான்கும் லண்டன், பாரிஸ் ஆய்வுக்கூடங்களுக்குள் போனபோது என்ன நடந்தது? திரும்பி வந்தது என்ன? படிப்பு முழுவதும் இந்த இரண்டு கேள்விகள்தான். ஃபாரடே, பெர்கின், லாவாசியே எல்லாரும் வழியில் தாமாகவே வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் படிப்பின் முதல் வகுப்பு ஏன் பூமலையில்?

பூமலை என்று நாம் சொல்வது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம். குட்டா பெர்ச்சாவின் கதை இந்த ஊரில் தொடங்குவதால் முதல் வகுப்பும் இங்கே.

காட்டில் வளரும் ஒரு மரத்தின் பாலை உறையவைத்து, வெந்நீரில் இளக்கி, பாராங் கத்திக்குக் கைப்பிடி செய்வது மலாய்க்காரர்களின் பழைய கைப்பழக்கம். ஆறினால் கெட்டியாகிவிடும். திரும்ப வெந்நீரில் போட்டால் இளகும். 1840களில் இங்கே மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி இதைக் கவனித்து மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வணிகர் ஜோசே டி அல்மேடாவும் கொண்டுபோனார். 1848இல் மைக்கேல் ஃபாரடே இது நல்ல மின்காப்புப் பொருள் என்று எழுதினார். கடல்நீரில் கெடாத மின்காப்புதான் தந்திக் கம்பிக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த பொருள். 1851இல் டோவருக்கும் கலேவுக்கும் நடுவே கடலடிக் கம்பி போட்டார்கள். இருபது ஆண்டில், 1871இல், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கே கம்பி வந்தது. கப்பலுக்குக் காத்திருந்த செட்டியார் கடைச் செய்தி தந்தியில் போய்வரத் தொடங்கியது இப்படித்தான்.

இதற்கு மரங்கள் கொடுத்த விலையையும் சொல்கிறோம். ரப்பரைப் போலச் சீவிப் பால் எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைப்பதோ கொஞ்சம். சில ஆண்டுகளில் சிங்கப்பூர்க் காடுகளில் அந்த மரம் அருகிப்போனது.

வேதியியலும் இதில் அழகாக அமைந்திருக்கிறது. ரப்பரும் குட்டா பெர்ச்சாவும் ஒரே அணுக்கள், ஒரே விகிதம்: ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன். ரப்பருக்கு அந்த விகிதத்தை 1826இல் கண்டு சொன்னவரும் ஃபாரடேதான். வேறுபாடு சங்கிலி வளையும் விதத்தில் மட்டும். ரப்பர் சிஸ் அமைப்பு, குட்டா பெர்ச்சா டிரான்ஸ். ரப்பர் இழுத்தால் நீளும், மற்றது விறைப்பாக நிற்கும். பாடநூலில் இரண்டு வரியில் முடியும் இந்தச் செய்தியை மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் அடைக்கும் குச்சிகள் குட்டா பெர்ச்சாவால் ஆனவை. அவற்றை வாங்கி வெந்நீரில் இளக்குகிறோம். பக்கத்தில் ஒரு ரப்பர் பட்டை.

அப்புறம் பூமலையில் ரப்பர். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 1877இல் வந்த கன்றுகள், 1888இலிருந்து இங்கே தலைமை வகித்த ஹென்றி ரிட்லி மரம் சாகாமல் பால் எடுக்கக் கண்ட முறை, அதன்பின் மலாயாவெங்கும் பரவிய தோட்டங்கள். நம் மாணவர் சிலருக்கு இது வரலாறே அல்ல, பாட்டி கதை. பால்மரம் சீவிய தலைமுறையோடு பேசக் கிடைத்தால் பேசிவிட்டு வரச் சொல்கிறோம். உறையவைக்க என்ன ஊற்றினார்கள், ஏன் விடியும் முன் காட்டுக்குப் போனார்கள் என்று கேட்டாலே போதும். அமிலம், வெப்பநிலை, பாலின் ஓட்டம் எல்லாம் பேச்சில் வந்துவிடும்.

லண்டனில் என்ன பார்க்கிறோம்?

முதலில் ஆல்பமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிடியூஷன். 1799இல் தொடங்கியது. ஹம்ஃப்ரி டேவி 1807இல் மின்பகுப்பால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தது இங்கேதான். அடித்தளத்தில் ஃபாரடேயின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டடம் பெரிது, ஆனால் அந்த அறை சின்னது. உலகை மாற்றிய வேலைக்கு இவ்வளவு இடம் போதுமா என்று மாணவர்கள் கேட்காமல் இருப்பதில்லை.

ஃபாரடே என்றதும் எல்லாரும் மின்சாரத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் உருக்குக்குப் போகிறோம். அவர் கொல்லர் மகன். தென்னிந்தியாவில் மூடிய குகைகளில் (உலோகம் உருக்கும் மண்கலங்களில்) உருக்கி எடுத்த எஃகுக் கட்டிகள் லண்டனில் கத்தி செய்பவர்களை அசத்திக்கொண்டிருந்த காலம் அது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியின் தொடர்பால் ஃபாரடே அந்த எஃகைப் பகுத்துப் பார்த்து 1819இல் எழுதினார். அதன் நீரோட்டக் கோலத்துக்கும் கூர்மைக்கும் கலந்திருக்கும் அலுமினியமே காரணம் என்று நினைத்தார். அது சரியில்லை. காரணம் கார்பன், அந்த எஃகில் அது வழக்கத்தைவிட மிக அதிகம். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளையும் குகைத் துண்டுகளையும் பற்றிய பாடத்தைப் புறப்படும் முன்பே முடித்துவிடுவதால், ஃபாரடேயின் மேசை முன் நிற்கும்போது மாணவரிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்: கண்ணால் நிறம் பார்த்து உலையை நடத்தியவருக்குக் கைவந்தது, தராசு வைத்திருந்தவருக்கு ஏன் பிடிபடவில்லை? இந்த வகுப்பு பெரும்பாலும் நேரத்துக்குள் முடியாது.

அடுத்து வில்லியம் பெர்கின். 1856, ஈஸ்டர் விடுமுறை, வயது 18. கிழக்கு லண்டனில் கேபிள் தெரு வீட்டின் சிறு ஆய்வுக்கூடத்தில் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். மலேரியா பிடித்த பேரரசுக்கு அது தங்கத்தைவிட முக்கியம். கிடைத்ததோ கருப்பு வண்டல். அதைக் கழுவும்போது ஊதா நிறம். முதல் பெரிய செயற்கைச் சாயம் அது. இப்போது அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை தவிர வேறொன்றும் இல்லை. நான் வைத்த விதியை நானே மீறுவது இந்த ஓர் இடத்தில்தான். விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து ஏதோ கிண்டிக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் என்பது நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவில் நிற்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது. அங்கிருந்து கதை நேரே அவுரிக்கு வரும். பெர்கின் திறந்த வழியில் ஜெர்மானியர் ஓடினார்கள். 1897இல் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அவுரி பயிரிட்ட நிலங்கள் சில ஆண்டுகளில் சுருங்கின.

கிரீனிச்சில் தேம்ஸ் கரையோரம் எண்டர்பி வார்ஃப் என்ற இடம் உண்டு. கடலடிக் கம்பிகளைச் செய்து கப்பலில் ஏற்றிய துறை. ஏற்றும் இயந்திரத்தில் ஒரு பகுதி இன்னும் துருப்பிடித்து நிற்கிறது. நுழைவுக் கட்டணம், வழிகாட்டி, நினைவுப்பொருள் கடை எதுவும் இல்லை. சென்னை, பினாங்கு, சிங்கப்பூர்க் கம்பியைச் செய்ததும் இந்த ஆலையை நடத்திய நிறுவனம்தான். பூமலையில் தொடங்கிய பாதி வட்டம் இங்கே முடிகிறது. என்னைக் கேட்டால் லண்டன் பகுதியில் இதுதான் சிறந்த வகுப்பறை. சவுத் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகமும் உண்டு, நல்ல இடம், ஆனால் அதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பாரிஸில்?

ஆர் ஏ மெத்தியே அருங்காட்சியகத்தில் லாவாசியேயின் கருவிகள். காற்று, நீர், எரிதல் என்ற மூன்றையும் அவர் திரும்ப எழுதினார். ஆக்ஸிஜன் வாயுவை 1774இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி பிரித்திருந்தார். அதே ஆண்டு பாரிஸ் வந்தபோது லாவாசியேயிடம் சொல்லியும் இருந்தார். அதற்கும் முன்பே சுவீடனில் ஷீலே அதைக் கண்டிருந்தார். ஆனாலும் அது ஒரு தனிமம், எரிதல் என்றால் அதோடு சேர்வது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் லாவாசியே. கணக்குப் போட நுட்பமான தராசு வேண்டும், தராசுக்குப் பணம் வேண்டும். அவருக்குப் பணம் வந்தது வரி வசூல் குத்தகையில். அந்தக் குத்தகைதான் 1794 மே 8 அன்று கில்லட்டினுக்கும் அனுப்பியது. ‘குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை’ என்று நீதிபதி சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் உலவுகிறது. அதற்கு அன்றைய ஆதாரம் இல்லை. மாணவர்களுக்கு அந்த வாசகத்தைக் கொடுத்து, எங்கிருந்து கிளம்பியது என்று தேடச் சொல்வது ஒரு பயிற்சி. முகநூலில் வரும் மேற்கோள்களைப் பற்றி அப்புறம் நாம் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

மரி ஆன் போல்ஸ், லாவாசியேயின் மனைவி, ஆய்வுக்கூடப் படங்களை வரைந்தவர், ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர். அவர் வரைந்த ஆய்வுக்கூடப் படம் ஒன்றில் மூலையில் மேசைக்கு முன் குறிப்பெடுத்துக்கொண்டு தம்மையே வரைந்திருக்கிறார். படத்தைக் காட்டி அவரைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கொஞ்ச நேரம் ஆகும்.

செய்ன் நதிக்கரையில் பாரிஸ் நாணயச்சாலை. ஃபாரடேக்குப் பிடிபடாத உருக்கு இங்கே பிடிபட்டது. நாணயச்சாலையில் உலோகம் சோதிக்கும் பொறுப்பில் இருந்த ழான் ரொபேர் பிரெயான் 1820களின் தொடக்கத்தில், அந்தக் கோலத்துக்குக் கார்பன்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். லண்டனில் விட்ட கேள்விக்குப் பாரிஸில் விடை கிடைக்கும்படி நாள்களை வரிசைப்படுத்தியிருக்கிறோம். திட்டமிடும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே தந்திரம் இதுதான்: கேள்வியை ஓர் ஊரிலும் விடையை அடுத்த ஊரிலும் வையுங்கள்.

சான் மிஷேல் சாலையில் பெல்த்தியே, காவாந்து இருவருக்கும் நினைவுச் சின்னம் உண்டு. கொய்னா மரப்பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தவர்கள், 1820இல். பெர்கின் செய்யப் பார்த்த பொருள் இதுதான் என்று நினைவுபடுத்திவிட்டு நடந்துவிடலாம்.

மேரி கியூரி 1934 வரை வேலை பார்த்த ஆய்வுக்கூடம் இப்போது அருங்காட்சியகம். டன் கணக்கான தாதுக் கழிவைக் கிண்டிப் பத்தில் ஒரு கிராம் அளவுக்கு ரேடியம் உப்பு எடுத்த கொட்டகை இது இல்லை. அது எப்போதோ இடிபட்டுவிட்டது. ஆனால் தொழிற்சாலை வேலை, மருத்துவமனை வேலை, கல்லூரி வேலை மூன்றும் ஒரே கட்டடத்தில் சந்தித்தது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

ஜெர்மனி இல்லாமல் வேதியியல் வரலாறா?

நியாயமான கேள்வி. கீசனில் லீபிக் ஆய்வுக்கூடம் அப்படியே அருங்காட்சியகமாக இருக்கிறது. மாணவர்கள் சேர்ந்து ஆய்வு செய்து படிக்கும் முறையே அங்கிருந்து பரவியதுதான். ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹ என்று போனால் ஹேபர் கதையும் உண்டு. உரத்துக்கு அம்மோனியாவும் போருக்குக் குளோரினும் ஒரே ஆள் கையில். ஆனால் இரண்டு வாரத்தில் மூன்று நாடு என்றால் மாணவர்கள் ரயிலைத்தான் படிப்பார்கள். அதைத் தனிப் படிப்பாகச் செய்வது நல்லது.

சித்தர்களின் ரசவாதம் வருமா?

வரும், புறப்படும் முன் ஒரு வகுப்பில். பாதரசம், கந்தகம், இங்குலிகம் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது) ஆகியவற்றைச் சித்த மருத்துவ நூல்கள் எப்படிக் கையாண்டன என்று பார்க்கிறோம். பக்கத்திலேயே அரபு மரபில் ஜாபிர் இப்னு ஹய்யானையும், சீன மரபில் கோ ஹோங்கையும் வைக்கிறோம். மூன்றிலும் பாதரசம் வந்து நிற்பது தற்செயலா என்று கேட்டால் நல்ல விவாதம் கிடைக்கும். ‘எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கு மட்டும் இடமில்லை. என்ன செய்தார்கள், எந்தச் சுவடி, எந்தக் காலம் என்று கேட்போம். ஃபாரடேக்கும் அதே விதிதான்.

வேதியியல் படிக்காதவர்கள் சேரலாமா?

சேரலாம். உயர்நிலைப் பள்ளி அளவு போதும். வரலாறு, சமூகவியல் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பல நேரம் எங்களைத் திணறடிக்கின்றன. ‘இந்த மரப்பட்டைக்கு யார் பணம் கொடுத்தார்கள்’ என்று வேதியியல் மாணவர் கேட்பது அரிது.

பயணத்தில் சோதனைகள் செய்வார்களா?

வெளியூரில் மெழுகுவத்தி ஒன்றோடு சரி. ஃபாரடே இளைஞர்களுக்குச் சொன்ன மெழுகுவத்திச் சொற்பொழிவுகள் உலகப் புகழ் பெற்றவை. சுடர், ஆவி, நீர், கரி எல்லாம் ஒரு மெழுகுவத்தியில் இருக்கும். விடுதியில் தீ எச்சரிக்கை மணி அலறும் என்பதால் அதையும் திறந்தவெளியில்தான் செய்கிறோம். மற்றவை சிங்கப்பூரிலேயே: குட்டா பெர்ச்சா, அவுரித் தொட்டியில் துணி நனைத்துக் காற்றில் நீலமாவதைப் பார்ப்பது, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஈஸ்ட் போட்டு ஆக்ஸிஜன் பிடிப்பது. பிரீஸ்ட்லி செய்ததுபோலப் பாதரச ஆக்சைடைச் சுடவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். முடியாது.

மதிப்பெண் எப்படி?

பாதி மதிப்பெண் ஒரு கட்டுரைக்கு. ஒரே ஒரு பொருளை அல்லது கருவியை எடுத்து, அதை யார் செய்தார், எதிலிருந்து, யார் காசில், எங்கே பயன்பட்டது, இன்று ஏன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என்று எழுத வேண்டும். மீதி பயணக் குறிப்பேட்டுக்கும், திரும்பி வந்தபின் தமிழிலோ ஆங்கிலத்திலோ பத்து நிமிடம் பேசுவதற்கும். குறிப்பேட்டில் படம் வரைவது கட்டாயம்; நன்றாக இருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் படம் எடுத்தவர் கருவியின் ஒரு குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை, வரைந்தவர் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை இடம்?

ஒன்று. மிஞ்சிப்போனால் இரண்டு. ‘இவ்வளவு செலவு செய்து போகிறோம், இன்னும் நாலு இடம் சேர்க்கக்கூடாதா’ என்று பெற்றோர் கேட்பது புரிகிறது. நாலு இடம் சேர்த்தால் நாலிலும் வரிசையில் நிற்பதுதான் மிஞ்சும்.

எந்த மாதம் நல்லது?

எங்கள் தேர்வு ஜூன் பிற்பாதி. பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்ததும் மே மாதமே போகலாமே என்று தோன்றும். ஆனால் பிரான்ஸில் மே மாதம் விடுமுறை மாதம்: மே 1, மே 8, இடையில் கிறிஸ்தவப் பண்டிகை நாள்கள். லாவாசியே நினைவு நாளில் லாவாசியேயைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் அன்று நாடே விடுமுறை. அதோடு, லண்டன் பல்கலைக்கழக விடுதிகள் அவர்கள் மாணவர் காலி செய்தபின், ஜூன் நடுவிலிருந்துதான் வெளியாருக்கு அறை தரும், ஹோட்டலைவிட மலிவு. ஆர் ஏ மெத்தியே திங்கட்கிழமை மூடியிருக்கும். ஃபாரடே ஆய்வுக்கூடத்தை வார நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் விடுமுறை நாள்காட்டி வேறு என்பதால் அவர்களோடு சேர்ந்து நடத்த நினைப்பவர்கள் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

விசா வேண்டுமா?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் எளிது. பிரிட்டனுக்கு இணையத்தில் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். பிரான்ஸுக்கு இரண்டு வாரம் போக விசா தேவையில்லை.

நிரந்தரவாசியாகவோ மாணவர் அட்டையிலோ இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்கவும். உங்களுக்கு இரண்டு விசா வேண்டும்: பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் ஒன்று. கடப்பிதழோ ஒன்றுதான், அது ஒரு விண்ணப்பத்தில் மாட்டியிருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், பிரிட்டன் விசாவுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான். ஆகவே ஷெங்கனை முதலில் முடித்துக் கடப்பிதழ் கைக்கு வந்ததும் பிரிட்டனுக்குப் போடுங்கள். ஜூன் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினால் நிம்மதி. திட்டமிடும் ஆசிரியர்களுக்கு: யார் யாருக்கு எந்தக் கடப்பிதழ் என்ற பட்டியலை விமானச் சீட்டு வாங்கும் முன் எடுத்துவிடுங்கள்.

தேசிய சேவைக்கு இன்னும் போகாத பையன்களுக்கு?

மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் தங்குவதானால்தான் வெளியேறும் அனுமதி வேண்டும். இரண்டு வாரத்துக்குத் தேவையில்லை.

கியூரி அருங்காட்சியகத்தில் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

இல்லை. அந்த ஆய்வுக்கூடத்தை 1981இல் சுத்திகரித்தபின்தான் பார்வையாளருக்கு விட்டார்கள். இன்னும் கதிர்வீச்சு உள்ள அவருடைய குறிப்பேடுகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன; நாம் அங்கே போவதில்லை.

சாப்பாடு? பிள்ளை சைவம்.

கவலை வேண்டாம். லண்டனில் யூஸ்டன் பக்கம் டிரம்மண்ட் தெருவில் வரிசையாக இந்தியச் சைவ உணவகங்கள். கிழக்கே ஈஸ்ட் ஹாம் போனால் தேக்காவில் இறங்கியது போலிருக்கும். பாரிஸில் லண்டன் ரயில் வந்து நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பெல். யாழ்ப்பாணத் தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. இடியப்பமும் சொதியும் கிடைக்கும். காலைச் சாப்பாட்டில் மட்டும் ரொட்டிக்குப் பழகிக்கொள்ள வேண்டும். ஹலால் உணவும் இரண்டு ஊரிலும் எளிதாகக் கிடைக்கிறது.

செலவை எங்கே குறைக்கலாம்?

விமானச் சீட்டும் அறையும்தான் பெரிய தொகை. நுழைவுக் கட்டணத்தில் பெரிதாக ஒன்றும் போகாது: லண்டன் அறிவியல் அருங்காட்சியகம், ஃபாரடே காட்சியகம், பாரிஸ் கியூரி அருங்காட்சியகம் மூன்றும் இலவசம். கியூரி தம்பதியர் 1995இலிருந்து அடங்கியிருக்கும் பான்தியோனில் 26 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம் என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் வருகிறார்கள். அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும். நம் மாணவர் கட்டணம் கட்ட வேண்டும். உயர்கல்விச் சேமிப்புக் கணக்கில் உள்ள தொகையை இதற்கு எடுக்க முடியுமா என்பதை அவரவர் கல்வி நிலைய நிதி உதவி அலுவலகத்தில் கேளுங்கள். படிப்புக்குப் படிப்பு அது மாறும்.

ஐரோப்பா கட்டுப்படியாகாது என்றால்?

தமிழ்நாட்டிலேயே ஒரு வாரப் படிப்பு அமைக்கலாம். இதில் எனக்குத் தனி ஆசையே உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள்: மெழுகு வார்ப்பு, கலவை உலோகம், களிம்பு ஏறுவது. அங்கிருந்து புதுச்சேரி. கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் துணிக்கு நிறமேற்றும் முறையைப் படிப்படியாகக் கேட்டு, 1742இல் பிரான்ஸுக்கு எழுதி அனுப்பினார். சாயவேர், கடுக்காய், படிகாரம் என்ற மூன்றையும் வைத்து ஒரு நாள் ஆய்வகப் பாடம் நடத்தலாம். படிகாரம் இல்லாமல் நனைத்த துணியை ஒருமுறை அலசிப் பார்த்தாலே உலோக அயனி என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கொடுமணல் பக்கம் ஒரு நாள், கடைசியாக 1860களில் கொய்னாத் தோட்டம் போட்ட நீலகிரி. விமானச் செலவும் அறைச் செலவும் பெருமளவு குறையும். இந்தியக் கடப்பிதழ்க்காரருக்கு விசா தொல்லை இல்லை. இப்போது சிங்கப்பூர்க் கடப்பிதழ்க்காரர்தான் விசா எடுக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் சீன, மலாய் மாணவர்கள்தான் அதிகம். இந்தத் திட்டம் பொருந்துமா?

பொருளை மாற்றிக்கொள்ளுங்கள். பீங்கான் எடுத்தால் அருமையாக வரும். ஜிங்டேஜென் நகரச் சூளைகளைப் பற்றி தாந்த்ரகோல் என்ற பாதிரியார் 1712இல் பிரான்ஸுக்கு எழுதிய கடிதம், வெள்ளைக் களிமண்ணைத் தேடி ஐரோப்பியர் அலைந்தது, பாரிஸ் நகரின் விளிம்பிலேயே செவ்ர் பீங்கான் அருங்காட்சியகம். மெட்ரோ ஒன்பதாம் தடத்தில் கடைசி நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் போதும். மலாய் மாணவர்களுக்குச் சுமத்ராவின் பாருஸ் கற்பூரம் இருக்கிறது. குட்டா பெர்ச்சாவோ முதலிலேயே அவர்கள் முன்னோர் கைவேலை. நான்கு பொருள் என்பதும் விதியில்லை, மூன்று போதும். ஐந்துக்கு மேல் எடுத்தால் மட்டும் எந்தப் பொருளுக்கும் ஊர்விட்டு ஊர் தொடர நேரம் இருக்காது.